மீசோதீலியோமாவை எந்த அறிகுறிகளால் கண்டுகொள்வது?

நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. வயிற்று உறையிலும் வரும். முக்கியக் காரணம் கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ். மூச்சோடு போன நுண்ணிழை, 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தும் நோயைக் கிளப்பும்.

பெரும்பாலும் முதலில் தெரிவது, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. உறைக்குள் நீர் கோத்துக்கொள்வதால், தண்ணீர் நிறைந்த குடத்துக்குள் ஊதிய பலூன் போல நுரையீரல் விரிய இடமிருக்காது. கூடவே ஒரு பக்க நெஞ்சுவலி, எடை குறைதல். வயிற்றில் வந்தால் வயிறு உப்பும்.

நீரை எடுத்த பின்னும் மறுபடி கோத்தால், காசநோய் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எடுத்த நீரில் புற்றணு தெரியாமலும் போகலாம். உறையின் திசுவைச் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் உறுதி செய்யும். கல்நார் ஓடு, பிரேக் லைனிங், கப்பல் பட்டறை வேலை பார்த்திருந்தால், 30 வருடம் முந்தையதானாலும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

புகைபிடிக்காதவருக்கு வராது என்பது தவறு: இதற்குப் புகை காரணமல்ல, கல்நார்த் தூசி படிந்த வேலை உடுப்பைத் துவைத்த மனைவிக்கும் வந்திருக்கிறது.