கும்பிடுபூச்சியைக் கொல்லலாமா?

கேள்வி: மாடியில் பாகலையும் பீர்க்கனையும் ஒரே பந்தலில் ஏற்றியிருக்கிறோம். பூவருகே கும்பிடுபூச்சி காத்திருந்து தேனீயைப் பிடிக்கிறது. பிஞ்சுகளும் மஞ்சளாகி உதிர்கின்றன. பூச்சியைக் கொன்றுவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் உதிர்ந்த பிஞ்சை எடுத்துப் பாருங்கள். தோலில் ஊசி குத்தியதுபோல் துளையும் பிசினும் இருந்தால் அது பழ ஈயின் வேலை. வெட்டினால் உள்ளே புழு நெளியும். துளையே இல்லாமல், பூ வாடிய இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருக்காமல் மஞ்சளானால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள்.

கும்பிடுபூச்சிக்கு வெட்டுக்கிளியும் ஒன்றுதான், தேனீயும் ஒன்றுதான். அதை ஒரு குச்சியில் ஏறவிட்டு, பூ இல்லாத கறிவேப்பிலைச் செடிக்கு மாற்றினால் போதும். கிளையில் காய்ந்த நுரைபோல் ஒட்டியிருக்கும் அதன் முட்டைக்கூட்டையும் கிளையோடு வெட்டி அங்கேயே கட்டிவிடுங்கள்.

பந்தலில் முசுறு, அதாவது இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு, இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுதான் பெரிய இடைஞ்சல். முசுறு ஊரும் பூவில் தேனீ இறங்கத் தயங்கும். செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காத்து, தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டும். பந்தல் கால்களில் துணி சுற்றி விளக்கெண்ணெய் தடவுங்கள். தூசி படிந்ததும் மறுபடி தடவ வேண்டும். சுவரைத் தொடும் கொடியை நறுக்காவிட்டால் அந்த வழியாக ஏறிவிடும்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயை மாலையில் தெளிக்கச் சொல்வார்கள். பாகலுக்கு அது சரி; அதன் பூ விடியலில் விரிவது. பீர்க்கன் பூ விரிவதே மாலையில்தான்! அதற்கு இலையின் அடிப்பக்கம் மட்டும் தெளியுங்கள், பூவில் படவே கூடாது. அளவு: 5 மி.லி. எண்ணெயை 1 மி.லி. சோப்புக் கரைசலில் குழைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கலக்கவும். குழைக்காமல் ஊற்றினால் எண்ணெய் மிதந்து, படும் இடத்தில் இலை கருகும்.

தேனீ வரும்வரை கையாலேயே மகரந்தம் சேருங்கள். ஆண்பூவைப் பறித்து இதழ்களை உரித்து, அடியில் குட்டிக்காய் உள்ள பெண்பூவின் நடுவில் மெல்லத் தேயுங்கள். பாகலுக்குக் காலை, பீர்க்கனுக்கு மாலை.

கேள்வி: செம்பருத்தி மாவுப்பூச்சிகளுக்கு நடுவே பெரிய வெள்ளைப் புழுக்கள் வேகமாக நகர்கின்றன. நசுக்கலாமா?

பதில்: தயவுசெய்து நசுக்காதீர்கள். வேகமாக நகர்வதே அடையாளம். அவை மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுக்கள். அவை இருக்கும்வரை அந்தச் செடிக்கு எந்த மருந்தும் வேண்டாம்.