நாய் முடி ஒரு அளவோடு நிற்பது ஏன்? கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் லாப்ரடாரின் முடி ஒரு அளவோடு நின்றுவிடுகிறது. என் தலைமுடி மட்டும் வெட்ட வெட்ட வளர்கிறதே?

பதில்: எவ்வளவு காலம் வளர்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஒவ்வொரு மயிர்க்காலும் கொஞ்ச காலம் முடியை வளர்க்கும், ஓய்வெடுக்கும், பழையதை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். மனிதத் தலையில் வளரும் கட்டமே 2 முதல் 6 ஆண்டு. மாதம் சுமார் 1 செ.மீ. என்றால், 6 ஆண்டில் இடுப்பைத் தொடும் கூந்தல். புருவ முடிக்கோ சில மாதங்கள்தான் வளர்ச்சி. அதனால்தான் யாரும் புருவத்தைப் பின்னிப் போடுவதில்லை. லாப்ரடாருக்கு உடம்பு முழுக்க அந்தக் கணக்குதான். பூடில் நாய்க்கு வளரும் கட்டம் நீளம், அதற்கு நம்மைப் போல முடி வெட்டியாக வேண்டும்.

கேள்வி: அது வருஷம் முழுக்கக் கொட்டுகிறது. சோபா, சாம்பார் எல்லாவற்றிலும் முடி. நோயா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நம் தலையிலும் தினம் 50 முதல் 100 வரை உதிர்கிறது. சுமார் 1 லட்சம் முடியும் ஆளுக்கொரு நேரத்தில் ஓய்வுக்குப் போவதால் தெரிவதில்லை. விலங்குகளில் பலவற்றுக்குச் சூரியன்தான் நேரம் சொல்கிறது. பகலின் நீளம் மாறும்போது மெலடோனின், புரோலாக்டின் ஹார்மோன்களின் அளவு மாறும். குளிர்காலக் கம்பளம் மொத்தமாக உதிரும். தமிழ்நாட்டில் பகல் நீளம் அவ்வளவாக மாறாது. வீட்டுக்குள் இரவு பதினொரு மணி வரை டியூப்லைட் வேறு. பருவம் குழம்பி, நாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாக எப்போதும் கொட்டும். வட்டத் திட்டாக உதிர்ந்தாலோ, சொறிந்து தோல் சிவந்தாலோ காட்டுங்கள்.

கேள்வி: வெயிலுக்கு எங்கள் ஹஸ்கி நாய்க்கு மொட்டை போடலாமா?

பதில்: வேண்டாம். சில நாய்களுக்கு மழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடி வராது. சீப்பால் உள்முடியை வாரி எடுங்கள், போதும். (மொட்டை போட்டால் குழந்தைக்கு அடர்த்தியாக வளரும் என்பதும் உண்மையல்ல. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடிமனாகத் தெரிகிறது.)

கேள்வி: பிரசவமாகி மூன்று மாதம். கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: நான் மாட்டு டாக்டர்தான் அம்மா, ஆனாலும் இது தெரிந்த கதை. கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம், ஹார்மோன் குறைந்ததும் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், சில மாதம் கழித்துச் சேர்ந்து விழுகிறது. கடும் காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி நடக்கும். விலங்குகளின் பருவ உதிர்வுக்கு மனிதத் தலை ஓரளவு நெருங்கி வருவது இது போன்ற சமயத்தில்தான். பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வளரும். நீடித்தால் இரும்புச்சத்தும் தைராய்டும் பரிசோதியுங்கள்.

கேள்வி: கம்பளி ஆட்டுக்கு மட்டும் ஏன் கொட்டுவதில்லை?

பதில்: மனிதன் செய்த வேலை. காட்டுச் செம்மறிக்கு ஆண்டுதோறும் உதிரும். உதிராததாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில் வந்தது மெரினோ. 2015இல் ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகே, வெட்டாமல் விடப்பட்ட ஒரு ஆட்டிடமிருந்து 41.1 கிலோ கம்பளி எடுத்தார்கள். நம் மேச்சேரி ஆட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, குட்டை முடிதான்.

கேள்வி: முடி வளர என் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தை நாயின் சொட்டையில் தடவலாமா?

பதில்: கூடவே கூடாது! அது ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. நாய், பூனைகளின் இதயத்தைத் தாக்கும். பூனைக்குத் துளி பட்டாலே உயிருக்கு ஆபத்து. தடவிய கையோடு தூக்காதீர்கள், தலையணையையும் நக்கவிடாதீர்கள்.