மட்டக்களப்பில் இருந்துகொண்டு, நாமே செய்த முதல் வீடியோ கேமை வெளியிட என்ன வழி? யாரைப் பிடிக்க வேண்டும்?

யாரையும் பிடிக்க வேண்டாம். கேள்வியின் அந்தக் கடைசித் துண்டைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் ஒருவரைப் பிடித்தேன். பிடித்து என் முதல் கேமைத் தொலைத்தேன்.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பழைய லெப்டொப், அதில் முக்கால்வாசி முடிந்த கேம், சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் "இந்தச் சனியனை எப்ப மூடப் போறாய்" என்று ஒரு ஏச்சு. கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

நான் கம்பஸ் போனவன் இல்லை. கல்லடியில் போன் திருத்தும் கடையில் வேலை. "நீ எத்தனை கேம் போட்டிருக்கிறாய், புத்தி சொல்ல வந்துவிட்டாய்" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: இரண்டு. அதில் ஒன்று இப்போது இல்லை. மற்றது அதே கேம்தான், திரும்பச் செய்தது. ஆகவே ஒன்றரை என்று எடுத்தாலும் எனக்குக் கோபமில்லை.

இரவில் தோணியில் வாவிக்குப் போய் வீச்சுவலை எறிந்து இறால் பிடிப்பதுதான் கேம். திரையில் விரலை அழுத்திப் பிடித்து, சரியான நேரத்தில் விட்டால் வலை விரியும். பிந்தினால் சுருண்டுபோய்த் தண்ணீரில் விழும். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே போனால் மட்டும் மீன் பாடும். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைத்தால் அந்தச் சத்தம் கேட்கும் என்பார்களே, அதை நம்பி இரண்டு பௌர்ணமிக்குப் போனேன். பதிவானது இஞ்சின் வள்ளத்தின் சத்தம். கடைசியில் மவுத் ஓர்கன் ஊதி, வேகத்தைக் குறைத்துப் போட்டேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி தமிழ் எழுத்து. முதலில் யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில்தான் செய்தேன். திரையில் "தோணி" என்று எழுதினால் 'த' எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். மூன்று நாள் மண்டையை உடைத்துவிட்டு, கோயில் நோட்டீஸும் கல்யாணக் கார்டும் அடிக்கும் அதே பாமினி எழுத்துருவைப் போட்டேன். அதில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டுவதுதானே முறை, ஆகவே உடையவில்லை. கேவலமான வழிதான், ஆனால் வேலை செய்தது. இப்போது தொடங்குபவர்களுக்கு இந்தப் பாடு வேண்டாம். யூனிட்டி போலவே கேம் செய்யும் மென்பொருளான கோடோவின் 2023 மார்ச்சில் வந்த 4ஆம் பதிப்பு தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. இலவசம், திறந்த மூலம், விற்றால் பங்கு கேட்காது. யூனிட்டி பெரியது என்று கீழே யாராவது சண்டைக்கு வரலாம். பெரியதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

சரி, 2022க்கு வருகிறேன். கேம் முடிந்துவிட்டது. கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே ஒரு தடவை 25 டொலர் கட்ட வேண்டும். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் சொச்சம், மே மாதம் 360. ஐயாயிரம் ரூபாய் என்று மனதில் எழுதி வைத்திருந்த கணக்கு ஒன்பதாயிரமாகிவிட்டது. அதையும் சேர்த்து வைத்துக்கொண்டு கட்டப் பார்த்தால் என் கார்ட் வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்கவில்லை. வங்கிக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அங்கிருந்த மிஸ் "கேமுக்கா காசு கட்டப் போறீங்க?" என்று கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. மருந்துக்கும் சமையல் காஸுக்கும் நாட்டில் டொலர் இல்லாத நேரம் அது. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒருவர் கிடைத்தார். தன்னை வெளியீட்டாளர் என்று சொல்லிக்கொண்டார். 15,000 ரூபாய் கொடுத்தால் தன் கணக்கிலேயே கேமை ஏற்றித் தருவாராம், வருமானம் வந்தால் பாதிப் பாதி. ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை, வட்சப்பில் ஒரு குரல் பதிவு. நான் முழுக் கோப்பையும், கேம் என்னுடையதுதான் என்று கையொப்பம் போடும் கீஸ்டோர் என்ற திறப்புக் கோப்பையும், அதன் கடவுச்சொல்லையும் ஒரே செய்தியில் அனுப்பினேன். வீட்டு உறுதியையும் திறப்பையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தது போல.

நாலாம் நாள் கேம் பிளேயில் வந்தது. பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு நான் கடைக்கு வந்த எல்லாருடைய போனிலும் அதை இறக்கினேன், கண்ணாடி மாற்ற வந்தவர் போனிலும். முந்நூற்றுச் சொச்சம் பேர் இறக்கினார்கள். ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் பார்க்கிறேன், பக்கம் இல்லை. அவருடைய கணக்கில் வேறு யாரோ ஏற்றிய ஏதோ ஒரு செயலி விதியை மீறியதாம், கணக்கையே மூடிவிட்டார்கள். அதோடு என் வாவியும் தோணியும் போயிற்று. அவருக்குப் போன் எடுத்தால் "தம்பி, எனக்கும் நட்டம்தான்" என்றார். இன்னொரு விஷயத்தை அப்புறம்தான் அறிந்தேன். பிளேயில் ஒரு கேமுக்கு ஒரு தடவை வைத்த பெக்கேஜ் பெயரை (பிளே அந்தக் கேமை அடையாளம் காணும் பெயர்) திரும்ப எடுக்கவே முடியாது. நான் தேடித் தேடி வைத்த பெயர் அந்தச் செத்த கணக்கோடு கிடக்கிறது.

வெளியீட்டாளர் எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. உண்மையான கேம் வெளியீட்டாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விளையாடிப் பார்க்கக்கூடிய டெமோ கேட்பார்கள், வருமானத்தில் பங்கு கேட்பார்கள், சில நேரம் முடிக்கக் காசும் தருவார்கள். உங்களிடம் காசு கேட்கமாட்டார்கள். கேட்டால் அவர் தரகர், அவ்வளவுதான். இரண்டு பேர் சேர்ந்து செய்த இறால் பிடிக்கிற கேமுக்கு (புரோகிராம் நான், படம் என் மச்சான்) அப்படி ஒரு வெளியீட்டாளர் தேவையுமில்லை.

2024இல் திரும்பத் தொடங்கினேன். கோடோவில், என் பெயரில், என் கார்டில். இந்தத் தடவை வேறொரு சுவர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால், கேமை எல்லாருக்கும் திறக்கும் முன் 20 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய பரிசோதனையில், அதாவது நாம் அழைத்தவர்கள் மட்டும் விளையாடிப் பார்க்கும் பரிசோதனையில், இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எல்லாருடைய ஜிமெயில் முகவரியும் வேண்டும். எங்கள் குடும்பத்தில் கலியாணத்துக்கு இருநூறு பேர் வருவார்கள், ஆனால் தன் ஜிமெயில் கடவுச்சொல் தெரிந்தவர்கள் ஒன்பது பேர்தான். கடைக்கு வருபவர்கள், களுவாஞ்சிக்குடியில் மச்சானின் கூட்டாளிகள், சுவிஸில் இருக்கும் சித்தப்பாவின் பிள்ளைகள் என்று எப்படியோ 20ஐ நிரப்பினேன். ஒருவர்கூடக் கூடுதலாக இல்லை. அதுதான் பிழை.

பதினோராம் நாள் கணக்கைத் திறந்து பார்த்தால் 19. யார் போனது என்று கூகுள் சொல்லாது. ஒவ்வொருவராகப் போன் எடுத்துக்கொண்டு போய், பதினேழாவது ஆளாக மாமியைப் பிடித்தேன். "போன்ல என்னவோ வந்தது மனே, சின்னவன் பரிசோதனையில இருந்து விலகிற பட்டனை அமுக்கிட்டான். மறுகா சேர்ந்தா சரிதானே?" சரியில்லை. 14 நாள் திரும்ப ஒன்றிலிருந்து. மாமியோடு கோபிக்கவும் முடியாது, வீட்டில் சோறு கறி தருவது அவர். அந்த வருடக் கடைசியில் கூகுள் 20ஐ 12 ஆகக் குறைத்தது. உங்களுக்கு 12 போதும். ஆனாலும் பதினெட்டுப் பேரையாவது சேருங்கள். சேர்ந்தால் மட்டும் போதாது, விளையாடவும் சொல்லுங்கள். முடிந்தபிறகு, யாரைச் சேர்த்தாய், என்ன குறை சொன்னார்கள், என்னத்தைத் திருத்தினாய் என்று ஒரு படிவம் வரும். அதில் எழுத உண்மையான குறை ஏதாவது வேண்டும்.

முகவரியை உறுதிப்படுத்த ஆவணம் கேட்பார்கள், அதையும் முதலே தேடி வையுங்கள். எங்கள் வீட்டுக் கரண்ட் பில் இன்னும் அப்பப்பாவின் பெயரில் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து பதினாறு வருடம்.

உண்மையில் உங்களிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது, யாரும் தன் கேமை ஏற்றக்கூடிய இட்ச் (itch.io) தளத்தைப் பற்றி. அங்கே கட்டணம் இல்லை, இருபது பேர் வேண்டாம். இன்று இரவு ஏற்றினால் இன்று இரவே லிங்க் கையில். கோடோவிலிருந்து பிரவுசரில் ஓடும் பதிப்பை எடுத்து ஏற்றிவிடலாம், கூட்டாளிகள் எதையும் இறக்காமலே விளையாடுவார்கள். விற்றால் தளத்துக்கு எத்தனை வீதம் என்பதையும் நீங்களே வைக்கலாம். என் அபிப்பிராயம், முதல் கேம் அங்கேதான் போக வேண்டும், அதுவும் இலவசமாக. காசுக்குப் போட்டால் அடுத்த சிக்கல் தொடங்கும். நான் பார்த்த நேரம் இலங்கையிலிருந்து பேபாலில் காசு அனுப்பலாம், வாங்க முடியாது. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன்.

கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு கேமுக்கு 100 டொலர். 1,000 டொலருக்கு விற்றால் அந்த நூறு திரும்ப வரும். கட்டி 30 நாள் ஆகாமல் முதல் கேமை வெளியிட முடியாது, 'விரைவில்' என்ற பக்கமும் இரண்டு கிழமையாவது திறந்திருக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியவர் 14 நாளுக்குள் காசைத் திரும்பக் கேட்கலாம். என் கேமை 40 நிமிடத்தில் முடித்துவிடலாம், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது கேமுக்கு யோசியுங்கள். ஐபோன் பக்கம் நான் போகவேயில்லை. வருடா வருடம் 99 டொலர்.

இடையில் ஒன்று. இதையெல்லாம் நான் 28 வயதில் கற்றேன், பதினைந்தில் கற்றிருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் அறை இருந்தது. இருபது கொம்பியூட்டர், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணி உறை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், உறையோடு பார்த்துவிட்டு வருவோம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது வரும் நாளில் மட்டும் உறை கழலும். திறப்பு வைத்திருந்த சேர் ஓய்வு பெற்றபோது கொம்பியூட்டர்கள் புத்தம் புதிதாக இருந்தன, ஓடத்தான் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுதாமல் விட மனம் வரவில்லை.

இப்போது என் கேமை 431 பேர் இறக்கியிருக்கிறார்கள். பாதி சொந்தக்காரர்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "வலை தண்ணீரில் விழும்போது ஈயக்குண்டுச் சத்தம் எங்கே? நீ வலை எறிந்ததே இல்லை" என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒரு விடியற்காலை வாவிக்கரைக்குப் போய் நின்று கேட்டேன். பொல பொலவென்று, சட்டியில் மழை விழுவது போல ஒரு சத்தம், உடனே அடங்கிவிடுகிறது. போனில் பதிவு செய்து சேர்த்துவிட்டேன். அவர் நட்சத்திரத்தை மாற்றவில்லை.

பரிசோதனைக்கு ஆள் குறைந்தால் கீழே கருத்தில் எழுதுங்கள், என்னைச் சேர்க்கலாம். கடையில் யாரும் திரும்ப வந்து எடுக்காத பழைய போன்கள் நாலைந்து கிடக்கின்றன (வாடிக்கையாளர் போனைத் தொடுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம், எல்லாம் ஒரு வருடத்துக்கு மேல் கிடப்பவை). 2 ஜிபி ரேமில் உங்கள் கேம் ஓடுகிறதா என்றும் பார்த்துச் சொல்கிறேன். மாமியை மட்டும் கேட்காதீர்கள்.