வில்லியின் புருவம்

கேள்வி: எங்கள் வீட்டில் ராத்திரி சீரியல் ஓடும். போன வாரம் கதைக்குள் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே என் ஏழு வயதுப் பேத்தி "இவதான் வில்லி" என்று சொல்லிவிட்டாள். பெண்களை மட்டமாகக் காட்டும் வசனங்களுக்குத் தணிக்கை வந்தால் இதெல்லாம் மாறுமா?
– ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு 'வில்லி' என்று எழுதி அனுப்பினால் அந்தச் சொல்லைத் தாண்டி நான் எங்கே போவது? உங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் வில்லி ஓர் ஆண். வேடர் தலைவன் என்கிறது தலபுராணம். வில்லி என்றால் வில் வைத்திருப்பவன், அவ்வளவுதான். சீரியல் வில்லி வேறு வழியாக வந்தவள். ஆங்கில வில்லன் தமிழுக்குள் வந்தபோது அவன் வாலில் இருந்த 'அன்' நம் காதுக்கு ஆண்பால் விகுதியாகவே கேட்டது. கள்ளன் கள்ளி, தோழன் தோழி, அப்புறம் என்ன, வில்லன் வில்லி. ஆங்கிலத்தின் 'வில்லனஸ்' நமக்குத் தேவைப்படவில்லை, பெண்பாலை நாமே செய்துகொண்டோம். நம் இலக்கணத்தின் கெட்டிக்காரத்தனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

ஆனால் இவளிடமும் வில் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைக் கொஞ்சும் இடத்தில், மன்மதன் தன் கரும்பு வில்லையே உனக்கு இரண்டு புருவமாகக் கொடுத்துவிட்டான் என்பான். வளைந்த புருவம் அன்றைக்கு நாயகியின் அழகு. இன்றைக்கு அதை அவளிடமிருந்து பிடுங்கி வில்லியின் நெற்றியில் வைத்துவிட்டார்கள். ஒற்றைப் புருவம் மேலே ஏறும், காமிரா அதை நோக்கிப் பாயும், ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை, இடி விழுந்த சத்தத்தோடு. 2001இல் தொடங்கிய இந்தித் தொடர் 'கசௌட்டி ஜிந்தகி கே'யில் ஊர்வசி தோலாக்கியா நடித்த வில்லி கோமோலிகாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விதவிதமான பொட்டு, கன்னத்தில் விழும் ஒரு சுருள் முடி, அவளுக்கென்றே ஒரு பின்னணி இசை. அவள் யார் என்று சொல்ல வசனம் எழுத வேண்டிய தேவையே இல்லை.

இதனால்தான் வசனத் தணிக்கையில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன், சீரியலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது தூர்தர்ஷன் காலத்தில். எங்கள் தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது, ஆனாலும் 1989இல் 'உடான்' ஓடியபோது டிவி இருந்த வீட்டில் கூட்டம் நிற்கும். கவிதா சௌத்ரி தானே எழுதி, இயக்கி, நடித்த தொடர். ஐ.பி.எஸ். அதிகாரியான அவருடைய அக்கா கஞ்சன் சௌத்ரியின் வாழ்க்கையை ஒட்டியது. ஒரு வரி புரியாமல் முகத்தையும் நடையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணைப் பார்த்தபோது இவள் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்றுதான் தோன்றியது. நல்லவளா கெட்டவளா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அதே மாதிரி சத்தமில்லாமல் பாருங்கள். நாயகி மேல் வெளிச்சம் நேராக, மிருதுவாக விழும். காமிரா அவளைக் கொஞ்சம் மேலிருந்து பார்க்கும், அவளோ தலை குனிந்திருப்பாள், கண்ணீர்த் துளி விளக்கொளியில் மின்னும் வரை ஷாட் நகராது. வில்லிக்குப் பக்கவாட்டில் வெளிச்சம், பாதி முகம் இருட்டு, காமிரா கீழே இருந்து சாய்ந்து பார்க்கும். ஒருத்திக்குக் காட்டன் புடவை, பின்னல், மல்லிகை. இன்னொருத்திக்கு விரித்த முடி, கையில்லாத ரவிக்கை, அடர்ந்த லிப்ஸ்டிக். இதைப் பார்த்தே வளரும் ஒரு குழந்தை, தெருவில் முடியை வெட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் பெண்ணைப் பற்றி என்ன நினைக்கும் என்பதுதான் என் கவலை.

பெண்ணை ஆணின் ஆசைக் கண்ணால் காட்டுவதைச் சொல்லும் 'ஆண் பார்வை' என்ற சொல்லைச் சினிமாக் கட்டுரைகளிலிருந்து எடுத்து வந்து அப்படியே இங்கே ஒட்டுகிறவர்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. சினிமாவில் காமிரா பெண்ணின் இடுப்பில் தொடங்கும். சீரியலில் அது முகத்தைவிட்டு இறங்காது. அதற்குக் காரணம் காசு. தினமும் இருபது நிமிஷத்துக்கு மேல் படம் வேண்டும், இருப்பது ஒரே வீடு, குளோசப் எடுத்தால் பின்னால் எதையும் அலங்கரிக்க வேண்டாம். ஒருவர் ஒரு வரி பேசியதும் வரிசையாக நிற்கும் ஆறு பெண்களின் அதிர்ச்சியையும் காட்டினால் ஒரு நிமிஷம் ஓடிவிடும். சரி, சிக்கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோபாவில் உட்கார்ந்து முடிவு சொல்வது ஆணாகவும், சுற்றி நின்று அதிர்வது பெண்களாகவும் இருப்பதற்குச் சிக்கனம் காரணமில்லையே! அவர்களை உட்காரவைத்து எடுத்தாலும் அதே செலவுதான்.

'பெண்கள்தானே பார்க்கிறார்கள்' என்று சொல்லும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு ராத்திரி உட்காரும் ஒருத்தி, எதிரே ஓடுவதைப் பார்க்கிறாள். அதை எடுத்தவன் செய்த தப்புக்கு அவளிடம் கணக்குக் கேட்பது எனக்கு எரிச்சலைத் தருகிறது.

நல்ல எண்ணத்தோடு எடுத்தாலும் காமிராவின் பழக்கம் விடுவதில்லை. 'கோலங்கள்' தொடரில், 2003இலிருந்து ஆறு வருஷம், சொந்தத் தொழில் நடத்தும் அபியை நாயகியாக வைத்தவர் திருச்செல்வம். அவரே 2022இல் 'எதிர்நீச்சல்' எடுத்தார். ஆணாதிக்கத்தை எதிர்த்து நிற்கும் மருமகள்களின் கதை. ஆனால் ஊரெல்லாம் பேசியது அந்த வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும், மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனைப் பற்றி, "இந்தாம்மா ஏய்" என்ற அதட்டலைப் பற்றி. மாரிமுத்து அபாரமாக நடித்தார், அதில் சந்தேகமே இல்லை. என் வருத்தம், கீழிருந்து எடுத்த அதே கோணம் பெண்ணுக்கு வந்தால் 'ஆபத்து' என்றும் ஆணுக்கு வந்தால் 'கம்பீரம்' என்றும் நமக்குப் பழகிப்போய்விட்டதே என்பதுதான். அடிமைப்படுத்துகிறவனின் வசனத்தை ரசிகர்கள் போனில் பகிர்ந்து சிரித்தார்கள்.

உங்கள் பேத்தி கெட்டிக்காரி. அவளிடம் இன்னொன்று கேட்டு எனக்கு எழுதுங்கள்: அதே சீரியலில், சத்தம் இல்லாமல், புதிதாக வரும் ஆண்களில் யார் கெட்டவன் என்று முதல் காட்சியிலேயே சொல்ல முடிகிறதா?