அம்மிக் குழவியும் பால் குடித்தது

கேள்வி: 1995-ல் பிள்ளையார் பால் குடித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஸ்பூனைப் பிடித்திருந்ததே நான்தான். கடவுள் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சார் ஆதாரம் வேண்டும்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: ஸ்பூனில் பால் குறைந்தது, நீங்கள் பார்த்தது. பிள்ளையார் குடித்தார் என்பது, நீங்களாகச் சேர்த்துக்கொண்டது.

அந்த செப்டம்பர் 21-ஆம் தேதி டெல்லியில் கிளம்பிய செய்தி, ஒரே நாளில் லண்டன் வரை போய்விட்டது. மத்திய அரசின் விஞ்ஞானிகள் டெல்லியில் ஒரு கோயிலுக்குப் போய், சாயம் கலந்த பாலை நீட்டினார்கள். ஸ்பூன் விளிம்பு சிலையைத் தொட்டதும் பால் மெல்லிய ஏடாகப் படர்ந்து கீழே இறங்கியது. பரப்பு இழுவிசையின் வேலை. வெறும் பாலாக இருந்தால் ஈரக்கல்லில் அது எங்கே தெரியப் போகிறது? அன்று நானும் எங்கள் வீட்டு அம்மிக் குழவியிடம் ஒரு ஸ்பூன் நீட்டிப் பார்த்தேன். சளைக்காமல் குடித்தது. அடியில் பால் குட்டையாகத் தேங்கியதும், துடைக்கச் சொல்லி என் மனைவி கரித்துணியைக் கையில் கொடுத்தார்.

இதனால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. காலி ஸ்பூனை வைத்து அதையும் நிரூபிக்க முடியாது.

ஆதாரம் என்று வந்தால் நம் பெரியவர்கள் உங்களைவிடக் கறார். பானை இருந்தால் குயவன் இருப்பான், உலகம் இருப்பதால் அதை ஆக்கியவன் இருப்பான் என்பது நையாயிகர்களின், அதாவது தர்க்கத்தையே முதலாக வைத்த நியாய தத்துவக்காரர்களின், அனுமானம் (கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது). 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் உலகத்திலிருந்துதான் இறைவனுக்குப் போகிறார். மெய்கண்டாருக்கு முன்பே வாழ்ந்த ராமானுஜரோ இந்த அனுமானத்தை ஒப்பவில்லை. ஒரு மாளிகையைப் பல பேர் சேர்ந்து கட்டுகிறார்களே, உலகை ஆக்கியவன் மட்டும் ஒருவன்தான் என்று எதை வைத்துச் சொல்வது என்ற போக்கில் அந்த வாதத்தை உடைத்துவிட்டு, சாஸ்திரம்தான் பிரமாணம், அதாவது கடவுளை அறிய நம்பத்தக்க ஆதாரம், என்றார். அவர் சொன்ன பிரமாணத்தை நான் ஏற்கிறேனா என்பது வேறு கதை. ஆனால் நாராயணனே கதி என்றிருந்தவர், நம் கட்சிக்குச் சாதகமான வாதமாயிற்றே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடவில்லை பாருங்கள்.

இன்று சாயங்காலம் அதே கோயிலுக்குப் போய் ஸ்பூனை நீட்டுங்கள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை என்றால், நாளை முதல் சிதறுகாய் போடுவதை நிறுத்திவிடுவீர்களா? மாட்டீர்கள். பிறகு அந்த ஸ்பூனை எதற்கு சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?