அந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: என் அக்காவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். மதுரையில் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கிறார்கள். இந்த நோயை நொதிகள்தான் வளர்க்கின்றன என்று என் மகள் செல்போனில் படித்துச் சொன்னாள். அக்கா செரிமானத்துக்கு டாக்டர் எழுதிய நொதி மாத்திரை போடுகிறாள். அதை ஒளித்து வைத்துவிட்டேன். பப்பாளியையும் நிறுத்திவிட்டேன். சரிதானே டாக்டரம்மா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: மாத்திரையை எடுத்த இடத்தில் வையுங்கள் தாயி. ஒளித்ததை அக்காவின் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டார்.

மகள் படித்தது பொய்யில்லை, பாதிக் கதை. நொதி (என்சைம்) என்பது உடம்பின் வேலைகளை முடுக்கிவிடும் புரதம். மண்டபத்துக்காரருக்கு மீனை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். பிடித்த சூடையை ஐஸ் போடாமல் வெயிலில் விட்டால் மதியத்துக்குள் வயிறு வெடிக்கிறதே, ஏன்? மீன் உயிரோடு இருந்தபோது இரையைச் செரித்த அதே நொதிகள், செத்த பிறகு அதன் குடலையே அரிக்கின்றன. நொதி ஒன்றுதான், கட்டுப்பாடு போய்விட்டது. அக்காவின் உடம்பிலும் ஏறக்குறைய அதுதான் நடந்திருக்கிறது.

கட்டுப்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ். அதிலும் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே நூற்றுக்கு எழுபது பேருக்குக் காரணம். கெட்டுப்போன செல்லை நிறுத்தி வைக்கும் பி53 என்ற காவல்கார புரதம் நமக்குள் இருக்கிறது. வைரஸ் நேரடியாக அதைக் கொல்வதில்லை. நம் செல்லிலேயே இருக்கும் ஒரு நொதியைக் கைக்குள் போட்டுக்கொண்டு, ‘இது குப்பை’ என்று பி53 மேல் சீட்டு ஒட்ட வைக்கிறது. செல்லே அதை உடைத்துப் போட்டுவிடும். எத்தனை கள்ளத்தனம் பாருங்கள்! அடுத்து டெலோமரேஸ் என்ற நொதி விழித்துக்கொள்ள, ஓய வேண்டிய செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. பிறகு வேறு சில நொதிகள், செல்களுக்கு அடியில் இருக்கும் கொலாஜன் என்ற புரத விரிப்பை அறுத்து வழிவிடுகின்றன. அந்த விரிப்பு அறுந்த பிறகுதான் அது பரவும் நோய்.

இந்த அறுக்கும் நொதிக் கூட்டத்தை முதலில் கண்டுபிடித்தது 1962-இல், தவளைக் குஞ்சின் வால் எப்படிக் கரைகிறது என்று பார்த்தபோது. புண் ஆறவும், மாதவிலக்கில் கருப்பையின் உள்தோல் கழியவும் நமக்கு அவை வேண்டும். அதனால்தான் 1990-களில் அவற்றைத் தடுக்கும் மருந்துகளைப் பல புற்றுநோய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த பலன் இல்லை, மூட்டுவலிதான் மிஞ்சியது.

இதெல்லாம் செல்லுக்குள்ளேயும் செல்லை ஒட்டியும் தயாராகிற நொதிகள். அக்காவின் மாத்திரை குடலில் சோற்றைச் செரிக்கும், அதோடு சரி. பப்பாளியின் நொதியும் வயிற்றில் மற்றப் புரதம் போலச் செரித்துப் போகும். கரண்டு வைக்கும்போது வயிற்றுப்போக்கு வந்தால் எந்தப் பழம் வேண்டாம் என்று அங்கேயே சொல்வார்கள். அது வேறு கணக்கு.

அக்காவைப் பற்றி எழுதினீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வெள்ளைப்படுவதைச் ‘சூடு’ என்று இளநீர் குடித்தே வருஷங்களை ஓட்டிய பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முப்பது வயது தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம்தான், அதில் பஞ்சை நனைத்துக் கருப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேல் பரிசோதனை. மகளுக்கு 9-லிருந்து 14 வயதுக்குள் என்றால் தடுப்பூசிக்கு அதுவே நல்ல வயது. அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.