யூடியூப் சமையல் சேனலுக்குத் தம்ப்நெயில் எப்படிச் செய்வது?

"இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தம்ப்நெயில் செய்கிறேன், யாரும் தொடுவதில்லை, எங்கே தவறு?" என்று கேட்டிருக்கிறீர்கள். காணொளிக்கு முகப்பாகப் பட்டியலில் தெரியும் அந்தச் சிறு படத்தைப் பார்க்காமலேயே ஓர் ஊகம் சொல்கிறேன்: அதில் சாமான் அதிகம்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. திண்டுக்கல்லில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் ஒன்பது ஆண்டுகள் வடிவமைப்பு வேலை பார்த்தவன் நான். காதுகுத்து பேனரில் ஒரு மாமாவின் முகம் விடுபட்டால் சண்டை வரும். காலி இடம் விட்டால், "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே" என்பார்கள். சித்தி சமையல் சேனல் தொடங்கியபோது அதே கைப்பழக்கத்தோடு வத்தக்குழம்புக்கு ஒரு தம்ப்நெயில் செய்தேன். நான்கு படங்கள், சிவப்பு வட்டம், அம்புக்குறி, சேனலின் பெயர், "பாரம்பரியச் சுவையில் செட்டிநாட்டு வத்தக்குழம்பு செய்வது எப்படி" என்ற முழு வாக்கியம். கடையின் பெரிய திரையில் ஜொலித்தது. சித்தி தன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதில் குழம்பு எங்கேடா இருக்கிறது?" என்று கேட்டார்.

1280க்கு 720 பிக்சல் அளவில்தான் நாம் பெரும்பாலும் வேலை செய்கிறோம். பார்ப்பவர் அந்த அளவில் பார்ப்பதில்லை. பிளேலிஸ்டிலும் கணினியின் ஓரப் பட்டியலிலும் அது தீப்பெட்டி அளவுதான். ஆகவே இப்போது படத்தை முடித்ததும் பத்து சதவீதமாகச் சுருக்கிப் பார்க்கிறேன். 128 பிக்சல் அகலத்தில் என்ன பண்டம் என்று தெரியவில்லையென்றால் படம் தேறவில்லை. கீழே வலது மூலையில் எதையும் வைக்காதீர்கள், காணொளியின் நேரம் அங்கேதான் வந்து உட்காரும். பாதி பார்த்தவர்களுக்கு அடியில் சிவப்புக் கோடும் ஓடும்.

எழுத்துதான் தமிழில் பெரிய தலைவலி. "உருளைக்கிழங்கு" என்ற ஒரு சொல்லே பாதிப் படத்தை விழுங்கிவிடும். எடுப்பாக இருக்கட்டும் என்று கனமான எழுத்துருவைப் போட்டு, அதைச் சுற்றித் தடித்த கறுப்பு விளிம்பும் கொடுப்போம். சுருக்கியதும் ண, ன இரண்டின் சுழிகளும் அடைத்துக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கி எது, கீ எது என்று தெரியாது. இரண்டு வரி எழுதினால் மேல்வரியின் "ழு" கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும், அதனால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக விட வேண்டும். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் பாலு தம்பி, முக்தா மலர் இரண்டும் எனக்குக் கைகொடுக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் "கொ" உடைந்து கொம்பு இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். எழுத்துக்கான அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேனர் கடைகளில் இதற்குப் பயந்தே இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு.

எவ்வளவு எழுதலாம்? மூன்று சொல், அதற்கு மேல் வேண்டாம். அதுவும் தலைப்பில் இருப்பதைத் திரும்ப எழுதுவது வீண். படத்துக்குக் கீழே "வத்தக்குழம்பு செய்முறை" என்று தலைப்பு இருக்கும்போது படத்திலும் வத்தக்குழம்பு என்று ஏன் எழுத வேண்டும்? நாங்கள் பிறகு "ஒரு வாரம் கெடாது" என்று மட்டும் போட்டோம். எப்படிக் கெடாமல் இருக்கும் என்று கேட்கிறவர் உள்ளே வருவார்.

காணொளியிலிருந்து ஒரு காட்சியைப் பிடித்துப் போடுவதை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் கலங்கலாகத்தான் இருக்கும். சமைத்து முடித்ததும் சட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுங்கள். கரண்டியில் அள்ளி, குழம்பு வழியும் நொடியில் எடுத்தால் எண்ணெயின் மினுமினுப்பே பாதி வேலையை முடித்துவிடும். முகம் இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று பலரும் சொல்வார்கள். அதற்காகச் சித்தியை ஆச்சரியப்படுவது போல் வாயைத் திறக்கச் சொன்னேன். "இருபது வருடமாக நான் வைக்கிற குழம்பைப் பார்த்து நானே ஏன் வாயைப் பிளக்க வேண்டும்?" என்று மறுத்துவிட்டார். நியாயம்தான். முகத்துக்குப் பதில் பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட அவருடைய கையை எல்லாப் படத்திலும் வைத்தோம். சேனலின் பெயரை எழுதத் தேவையில்லாமல் போயிற்று.

எண்களைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். படம் கண்ணில் பட்ட தடவைகளில் எத்தனை தடவை தொடப்பட்டது என்ற விகிதம், சேனல் நடத்துபவர்களுக்கான யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் இருக்கும். சேனல்களிலும் காணொளிகளிலும் பாதிக்கு அது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று யூடியூபே சொல்கிறது. உங்களுக்கு 4 வருகிறதென்றால் ஊரோடு ஒத்துத்தான் இருக்கிறீர்கள்.

யூடியூபில் 2024இல் வந்த ஒப்பீட்டு வசதியில் ஒரே காணொளிக்கு மூன்று தம்ப்நெயில்கள் வரை ஏற்றலாம். இரண்டு வாரம் வரை மாற்றி மாற்றிக் காட்டிவிட்டு, எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை வைத்தல்ல, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து முடிவு சொல்லும். ஏமாற்றி உள்ளே இழுக்கும் படம் இங்கே அடிவாங்குவது அதனால்தான். மீன் குழம்புக்கு நான் இழைத்து இழைத்துச் செய்த கறுப்புப் பின்னணிப் படம் தோற்றது. சித்தி போகிற போக்கில் எடுத்த, சோற்றின் மேல் குழம்பு ஊற்றிய படம் வென்றது. ஒன்பது ஆண்டு அனுபவம் என்று அதன் பிறகு நான் வீட்டில் பேசுவதில்லை.

புதிதாக ஒன்று செய்வதற்கு முன் பழையவற்றைத் திறந்து பாருங்கள். அடிக்கடி கண்ணில் பட்டும் குறைவாகத் தொடப்பட்ட காணொளிகள் நான்கைந்து இருக்கும். அவற்றின் படத்தை மட்டும் மாற்றிவிட்டு ஒரு மாதம் விட்டு வையுங்கள்.